தூரக்கண்ணாடியும் சுகம்

அக்குறணை
06.02.2025

அன்புத் தங்கச்சி நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினி றம்லத்தும் சுகம். தூரக்கண்ணாடியும் சுகம். கம்பளையில் நீயும் மச்சான் ஸைத்தும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

இன்றிலிருந்து நோன்புப் பெருநாள் முடியும்வரை கண்ணாடி உன்னுடையது. அஸ்ஃபரின் சாமான் வேனில் பெட்டியைக் கொடுத்து விடுகிறேன். பிளாஸ்டிக் வாளிகளோடு பின்னால் எறியப் பார்த்தான். "முன்னுக்கு வெச்சிக் கொண்டு போ, இல்லாட்டித் தந்துட்டுப் போ" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே முன் சீற்றில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டான்.

போன முறை பெட்டிக்குள் கடிதம் இல்லை, நீ கிண்டிய தொதல் இனிப்பு மட்டும்தான் இருந்தது. தொதல் அருமை. ஆனால் சட்டம் சட்டம்தான். வீட்டு விஷயம், கலியாண விஷயம், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் போனில். வானம் மட்டும் கடிதத்தில். ஆட்களின் சுகத்தோடு கண்ணாடியின் சுகமும் அதில் இருக்க வேண்டும். இது என்ன கூத்து என்று றம்லத் சிரிக்கிறாள். உனக்குத் தெரியும். உம்மாவின் கண் போனது யார் பிந்தியதால் என்று அவரை அடக்கிய அன்று மையத்து வீட்டிலேயே கத்திச் சண்டை பிடித்துவிட்டு, மூன்று வருடம் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன வருடம் கண்டியில் பழைய சாமான் கடையொன்றில் இந்த இரட்டைக் குழாய்க் கண்ணாடியை வாங்கி வந்து முதன்முதல் நிலாவைப் பார்த்தபோது, இதை நப்லா பார்க்க வேண்டுமே என்றுதான் மனம் சொன்னது. வாய் திறந்தால் சண்டை வரும் என்பதால் ஒரு துண்டு எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். அது பலித்தது. பலித்த வழியை மாற்றக் கூடாது.

நேற்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மேல் சிலெப் மொட்டை மாடியில் ஏறினேன். நிலா ஸுரையாக் கூட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அது ஆறு புள்ளி. கண்ணாடிக்குள் சீனி கொட்டிய மாதிரி. உம்மா கடைசி ஆறு வருடம் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், எனக்காவது தெரிகிறதே என்று வாய் தானாக அல்ஹம்துலில்லாஹ் என்கிறது.

வஸ்ஸலாம்.
உன் நானா, பஹ்மி


கம்பளை
27.02.2025

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். கண்ணாடியும் சுகம். பெல்ட் போட்டு வந்ததால் பயணக் களைப்புக்கூட இல்லை. மதினியின் முழங்கால் நோவு இப்போது எப்படி?

மின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்தக் கிழமை ஊரே மெழுகுதிரி தேடியது. நான் மட்டும் சந்தோஷமாகப் படியேறினேன். நிலா பெரிதாக இருந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. பரவாயில்லை, நிலாவையே பார்த்தேன். அதன் கீழ்ப் பக்கத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து நாலாபுறமும் வெள்ளைக் கோடுகள். தோசைக்கல்லில் மாவு தெறித்த மாதிரி இருந்தது.

ஆனால் பெரிய செய்தி வேறு. வெள்ளிக் கிரகம் வட்டமில்லை நானா! மெல்லிய பிறை! முழுக்க இருட்ட முன்னர், முழங்கைகளைத் தண்ணீர்த் தாங்கியில் ஊன்றிக்கொண்டு அம்புலுவாவ மலைப் பக்கம் பார்த்தேன். நகம் வெட்டிப் போட்டது போல ஒரு துண்டு வெளிச்சம். கத்தி இவரைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "நோன்புப் பிறைய முந்தியே கண்டுட்டியே, பள்ளிக்குச் சொல்லவா?" என்று கேலி செய்கிறார்.

பாலர் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் பரிமளம் டீச்சருக்கும் ஒரு நாள் காட்டினேன். நாம் ஸுரையா என்பதை அவர் கார்த்திகை என்றார். என்ன பெயர் சொன்னாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் நான் உங்களைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் முதலில் பேனையெடுத்தது நீங்கள். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தப் பெட்டி வரும் வியாழக்கிழமைகளில் நான் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

துஆவுடன்,
நப்லா


கம்பளை
04.04.2025
(அனுப்பாத கடிதம்)

நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். கண்ணாடி சுகமில்லை.

நேற்று மஃரிபு தொழுதுவிட்டு மேலே ஏறினேன். நிலாவும் வியாழனும் கிட்டக் கிட்ட நின்றன. அடுப்பில் பால் வைத்தது திடீரென்று ஞாபகம் வந்தது. கண்ணாடியைத் தண்ணீர்த் தாங்கியின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அதன் வார் என் ஷோலில் கொழுவியிருந்தது தெரியவில்லை. அப்படியே சீமெந்தில் விழுந்தது.

வெளியில் ஒரு கீறலும் இல்லை. எடுத்து நிலாவைப் பார்த்தேன். இரண்டு நிலா. ஒன்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பதிவாக இன்னொன்று. ஒரு கண்ணை மூடினால் ஒன்று. இரண்டையும் திறந்தால் இரண்டு. கீழே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நான் படியில் இருந்துகொண்டு அழுதேன்.

"நப்லாட கையில குடுத்தா அது முடிஞ்சிது" என்று சின்ன வயதில் சொல்வீர்கள். அதை இன்னொரு முறை சொன்னாலும் தாங்குவேன். ஆனால் பெட்டி வருவது நின்றுவிட்டால் நாம் இருவரும் எதைப் பற்றிப் பேசுவோம்? சுற்றிச் சுற்றி உம்மாவின் கண்ணுக்குத்தானே வருவோம்? எனக்கு அந்த மூன்று வருடம் மறுபடி வேண்டாம்.

நாளை கண்டிக்குக் கொண்டு


கம்பளை
10.04.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. எல்லோரும் சுகம். கண்ணாடியும் சுகம், சின்னக் கீறல்கூட இல்லை.

பாலர் பாடசாலையில் வேலை கூடிவிட்டது. வானம் பார்க்க அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் தொதல் வைத்திருக்கிறேன், இந்த முறை கடிதத்தோடு. மதினிக்கு ஸலாம்.

நப்லா


அக்குறணை
02.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். தொதல் கிடைத்தது, நன்றி. றம்லத் சுகம். கண்ணாடியும் சுகம் என்று நீயே எழுதிவிட்டாய், நான் வேறு எழுதத் தேவையில்லை. நானும் சுகம்தான்.

சும்மா ஒரு கேள்வி. கடைசியாக நீ பார்த்தபோது நிலா எப்படியிருந்தது? விளிம்பு தெளிவாக, ஒன்றாகத் தெரிந்ததுதானே? ஏன் கேட்கிறேன் என்றால் இங்கே பின்னேரங்களில் பனிப்புகார் அதிகம்.

இன்னொன்றும். சட்டத்துக்குப் புறம்பு, மன்னித்துக்கொள். உம்மாவுக்கு முதன்முதல் என்ன பிழையாகத் தெரிந்தது என்று உனக்கு ஞாபகமிருக்கிறதா? கதவு நிலையில் மோதியதா, அதற்கு முன் வேறு ஏதாவது சொன்னாரா? சண்டைக்காகக் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.
பஹ்மி


கம்பளை
15.05.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

நிலா தெளிவாகத்தான் தெரிந்தது. ஒன்றாகத்தான் தெரிந்தது. பனிப்புகாராகத்தான் இருக்கும்.

உம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டால் பீங்கானின் ஒரு பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார். மற்றப் பக்கத்தில் கறி அப்படியே இருக்கும். பசியில்லை என்று நான் நினைத்தேன். அதைத்தான் நீங்கள் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டீர்கள். மறுபடி ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்கவில்லை நானா. உங்கள் கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்து எனக்குச் சரியாக நித்திரையில்லை.

நப்லா


அக்குறணை
22.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். கண்ணாடியும் சுகம். ஹஜ்ஜுப் பெருநாளும் நல்லபடி போனது. பழையதைக் கேட்டது என் பிழை, மறந்துவிடு.

நேற்று மஃரிபுக்குப் பின் வானம் மிகவும் தெளிவாக இருந்தது. வியாழனையும் அதன் நான்கு துணைக்கோள்களையும் நீண்ட நேரம் பார்த்து மகிழ்ந்தேன். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் ஒன்று. மிக அழகான காட்சி.

இந்தத் தவணை கண்ணாடி இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்.

பஹ்மி


கம்பளை
03.07.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். கண்ணாடி எவ்வளவு நாளும் அங்கே இருக்கட்டும்.

கோபிக்க வேண்டாம், ஒன்று கேட்கிறேன். போன மாதம் நான் வெறும் கண்ணால் வியாழனைத் தேடினேன். காணவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது, ஆடி மாதத்தில் விடியற்காலையில்தான் திரும்ப வரும் என்று பரிமளம் டீச்சர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். நீங்கள் மஃரிபுக்குப் பின் எந்த வியாழனைப் பார்த்தீர்கள்? "பார்த்து மகிழ்ந்தேன்" என்று நீங்கள் எழுதி நான் கண்டதேயில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது.

என்னோடு ஏதும் கோபமா? கோபமென்றால் ஏசி எழுதுங்கள். சும்மா இருக்க வேண்டாம். போனில் மதினியிடம் கேட்டால் "அவர் கடைக்குப் போனவர்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.

நப்லா


அக்குறணை
17.08.2025

அன்புத் தங்கச்சி நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு கிழமை பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இதை ஓரிடத்தில் இருந்து வாசி. முடிவு நல்ல முடிவுதான், அதனால் பயப்படாமல் வாசி.

நீ பிடித்தது சரி. அந்த வியாழன் புத்தகத்து வியாழன்தான். ஏப்ரல் மாதம் பெட்டி வந்த அன்றைக்கே கண்ணாடியை எடுத்தேன். நிலா இரண்டாகத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், இரண்டுதான். கண்ணாடியில் பிழையிருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். "சின்னக் கீறல்கூட இல்லை." பிறகு நிலாவைப் பற்றிக் கேட்டு எழுதினேன். "ஒன்றாகத்தான் தெரிந்தது" என்றாய். அப்படியென்றால் பிழை என் கண்ணில்தானே, வெறும் கண்ணுக்குப் பிடிபடாதது கண்ணாடியில் பெரிதாகித் தெரிகிறது என்று நினைத்தேன். உம்மாவின் கண் எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

றம்லத்திடம் சொல்லவில்லை. என் கடையை மூடிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாமான் தட்டுகளைத் தடவித் தடவி நடந்து பழகினேன். வீட்டுப் படி பதினான்கு. இப்போது எண்ணாமலே ஏறுவேன். உம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போக ஒரு வருடம் பிந்தினாய் என்று ஊர் கேட்க உன்னை ஏசிய நானே, என் கண்ணைக் காட்ட நாலு மாதம் பிந்தினேன். டொக்டர் என்ன சொல்லுவாரோ என்ற பயம்தான். வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை விடியலில் சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பினேன். ஹுன்னஸ்கிரிய மலைக்கு மேலே வெள்ளியும் வியாழனும் ஒன்றையொன்று தொடுமாப்போல நின்றன. பாதையில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். மனம் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்தேன். இரண்டும் நான்காகத் தெரிந்தன. நப்லா, அவ்வளவு அழகான ஒன்றுக்கு முன்னால் நின்று நான் சின்னப் பிள்ளை போல அழுதேன். றம்லத் வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "நாலு மாசமா எனக்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சேலையை மாற்றப் போனாள். பத்து மணிக்குக் கண்டியில் கண் டொக்டருக்கு முன்னால் இருந்தோம்.

டொக்டர் சொன்னது இது. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. கிளொக்கோமா என்று பெயர். இடது கண்ணின் ஓரப் பார்வையில் கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது. ஆனால் இனிப் போகாமல் மறிக்கலாம். தினமும் இரவில் ஒரு சொட்டு மருந்து, அவ்வளவுதான். இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

"இரண்டாகத் தெரிகிறதே?" என்று கேட்டேன். அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்றார். இந்த நோய் நோவையும் காட்டாது, அடையாளத்தையும் காட்டாதாம். வேறு ஏதோ காரணத்துக்காகக் கண்ணைக் காட்ட வருகிறவர்களுக்குத்தான் நேரத்தோடு கண்டுபிடிப்பார்களாம். "உங்களை யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

உம்மாவைப் பற்றியும் கேட்டேன். அநேகமாக இதுதான் என்றார். ஆரம்பத்தில் உம்மாவுக்கே தெரிந்திருக்காதாம். அந்தப் பீங்கானின் மற்றப் பக்கம் அவருக்குத் தெரியவேயில்லை, நப்லா. அவர் மறைக்கவில்லை. நீ பிந்தவில்லை. நானும் பிந்தவில்லை. ஒன்றுமேயில்லாத ஒன்றுக்கு மூன்று வருடத்தை வீணாக்கினோம்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுத்தில் கேட்கிறேன், வைத்துக்கொள்.

வஸ்ஸலாம்.
உன் நானா


கம்பளை
21.08.2025

என் நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகமில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இதோடு இன்னொரு கடிதம் இருக்கிறது. ஏப்ரல் நாலாம் திகதி எழுதினேன், பாதியில் நிறுத்தி அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அதை முதலில் வாசியுங்கள். பிறகு இதற்கு வாருங்கள்.

வாசித்தாயிற்றா?

உங்கள் கண்ணில் இரண்டாகத் தெரியவில்லை, நானா. நான் போட்டு உடைத்ததில்தான் தெரிந்தது. "கண்ணாடியும் சுகம்" என்று எழுதியது பொய். "ஒன்றாகத்தான் தெரிந்தது" என்று எழுதியதும் பொய். நீங்கள் உங்கள் கண்ணை நம்பவில்லை, என் எழுத்தை நம்பினீர்கள். நான் அதை வைத்து உங்களை நாலு மாதம் குருடராக நடக்கப் பழக்கிவிட்டேன். பதினான்கு படி என்று வாசித்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. மிச்சத்தை ஸைத் வாசித்துக் காட்டினார்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அது எனக்கு வேண்டும்.

நீங்கள் எழுதாவிட்டால் விளங்கிக்கொள்வேன். போனும் எடுக்க மாட்டேன், உங்கள் குரல் கேட்டால் அழுதுவிடுவேன். மருந்தை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.

நப்லா


அக்குறணை
25.09.2025

அன்புத் தங்கச்சி நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றம்லத் சுகம். என் கண் சுகம், அழுத்தம் குறைந்திருக்கிறது. தூரக்கண்ணாடியும் சுகம். இந்த முறை உண்மையான சுகம்.

உன் கடிதம் வந்ததும் நான் முதலில் செய்த வேலை, கண்ணாடியை எடுத்து றம்லத்தின் கையில் கொடுத்தது. நிலாவைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டாத்தான் வெளங்குது. இது இப்பிடித்தானே?" என்றாள். இப்படித்தான் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள்! ஏப்ரல் மாதமே அவளிடம் ஒரு முறை கொடுத்திருந்தால் அத்தனையும் அன்றைக்கே முடிந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், மூன்று நாள் உன்னோடு சரியான கோபம். அந்தப் படிகளை நினைக்க நினைக்கக் கோபம். பழைய மாதிரி ஒரு கடிதமும் எழுதினேன். கிழித்துவிட்டேன். நாலாம் நாள் மருந்து விடும்போது யோசித்தேன். ஏப்ரல் மாதம் நீ உண்மையை எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஏசியிருப்பேன். கண்ணாடியைத் திருத்தக் கொடுத்திருப்பேன். என் கண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டொக்டர் சொன்ன இரண்டு மூன்று வருடம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். நான் பீங்கானின் ஒரு பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பிக்கொண்டிருப்பேன்.

பொய் சொன்னது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பொய்க்கு நீயே தௌபாச் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். விழுந்ததற்கு நான் ஷுக்ருச் செய்து நன்றி சொல்லிக்கொள்கிறேன். அப்படிப் பங்கு போட்டுக்கொள்வோம்.

பிறகு கண்டியில் கமரா திருத்தும் தினேஸ் என்பவரிடம் கொடுத்தேன். திறந்து பார்த்ததும், "உள்ள பிரிஸம் நகர்ந்திருக்குங்க சேர். யாரு கீழ போட்டது?" என்றார். என் தங்கச்சி என்றேன். "பாவம், நல்லா ஏசியிருப்பீங்க" என்றார். "ஏசல்ல. அவ போட்டதாலதான் இன்டைக்கு நான் ஒங்கட முகத்தப் பாக்கிறன்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரெசீட் எழுதினார். மூன்று கிழமை எடுத்தது. அதுதான் இந்தப் பிந்தல். வெறும் கடிதம் அனுப்ப மனம் வரவில்லை. பெட்டியோடுதான் அனுப்ப வேண்டும் என்றிருந்தேன்.

இடையில் பௌர்ணமிப் போயா அன்று சந்திர கிரகணம். கண்ணாடி தினேஸிடம். பள்ளியில் கிரகணத் தொழுகை முடிந்து வெளியே வந்து எல்லோரோடும் வெறும் கண்ணால் பார்த்தேன். செம்பு நிறத்தில் ஒரே ஒரு நிலா. ஒன்றாக இருந்ததே போதும் என்றிருந்தது.

இப்போது உன் காரியம். இந்த நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டொக்டர் இரண்டு முறை சொன்னார். அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை உனக்கும் அவரிடம் நம்பர் எடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பேன். சாக்குப்போக்குச் சொன்னால் அஸ்ஃபரின் வேனில் பெல்ட் போட்டு உன்னைக் கொண்டுவருவேன்.

கண்ணாடி இனி உன் முறை. திரும்பக் கீழே போடாதே. எனக்கு இருப்பது இரண்டு கண்தான்.

வஸ்ஸலாம்.
உன் நானா, பஹ்மி


கம்பளை
23.10.2025

என் அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கண்ணும் மதினியின் முழங்காலும் சுகமாக இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தும் கண் கூச்சம் போகவில்லை, பிறகு வியாழக்கிழமை வேனுக்காகப் பொறுத்திருந்து எழுதுகிறேன். பார்வையை விரிக்க விட்ட மருந்து இறங்கும்வரை நாம் இருவரும் அந்த வாங்குப் பலகையில் ஒட்டி இருந்தோமே, அதுதான் உம்மா போன பிறகு நாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்த முதல் நேரம். நீங்கள் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. நான் கவனித்தேன். டொக்டர் "உங்களுக்கு ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு முறை வாருங்கள்" என்றபோது நீங்கள்தான் என்னைவிடச் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னீர்கள். வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு வாவிக்கரையில் நடந்தபோது எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வெயிலில் தண்ணீர் முழுக்க வெள்ளையாக இருந்தது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி வருது, ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. மருந்தின் கண்ணீர் என்று சொன்னேன். இந்தப் பொய்யையும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்த அன்றைக்கே மேலே ஏறிப் பார்த்தேன். நிலா ஒன்றுதான். அதன் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது. மழை தொடங்கிவிட்டதால் அதற்குப் பிறகு முகில்தான். கிடைக்கிற இடைவெளியில் பார்க்கிறேன், குறை ஒன்றுமில்லை.

கண்ணாடியின் சுகம் எழுத வேண்டும் அல்லவா. இரண்டு குழாயும் சுகம், வாரும் சுகம். இடது பக்கத்து மூடியை மட்டும் காணவில்லை. சிலெப்பிலிருந்து பக்கத்து வளவுக்குள் விழுந்திருக்க வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை. என் பிழைதான் நானா. தொலைந்தது நேற்றுப் பின்னேரம். ஒரு நாள்கூடப் பிந்தாமல் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கச்சி, நப்லா